அடிச்சத்தம்

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், ராத்திரிக்கென்று ஒரு சத்தம் உண்டு. இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள தோட்டம் அது. வெளியாட்கள் தேயிலைத் தொழிற்சாலை என்று சொல்வதை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்தியில் நிறுவை மடுவத்திலிருந்து கொழுந்து வந்து இறங்கியதும் ஸ்டோரின் மேல்மாடியில் வாட்டுகிற விசிறிகளைப் போட்டுவிடுவார்கள். 12 மணி நேரம் ஓடும். மழைக்கொழுந்து என்றால் 18 மணி நேரம்கூட ஓடும். நடுச்சாமம் கழிந்து குளிர் இறுகிய பிறகு, கீழே கொழுந்தை உருட்டும் மெஷின்கள் புறப்படும். உருட்டிய இலை பதமாக நிறம் மாறக் குளிர் வேண்டும். அதனால் எங்கள் பக்கத்து ஸ்டோர்களில் பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். விசிறிகளின் ஓயாத முனகலும் ரோலர்களின் சுற்றும் ஒன்றாகி லயத்துத் தகரத்தையும் சுவரையும் நான் படுத்திருந்த பலகையையும் வந்து தொடும். ஸ்டோர் ஓடாத இரவில்தான் எனக்குத் தூக்கம் கலையும்.

அந்த ரோலர் அறையில் அப்பா 20 வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். மெஷினுக்கு ஒரு சாமி உண்டு, ரோதமுனி என்று பேர். ரோதை என்றால் சக்கரம். கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமி இருப்பதுபோல ஸ்டோருக்கு ரோதமுனி. பூசை நாளில் ரோலருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். அந்த முனி அவருடைய பத்து விரலையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. காதை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போனது. அப்பா இலங்கை வானொலியோடு வளர்ந்தவர். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வதற்குள் இவர் சொல்லிவிடுவார். 1998இல் ஒரு நாள் ரேடியோவை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீயே வச்சுக்க தம்பி. அதுல இப்ப யாருமே தெளிவாப் பேசுறதில்ல."

எனக்கு அப்போது 16 வயது. அந்த ரேடியோவில் கேசட் போடலாம். அடுத்த வருஷம் தீபாவளிக்கு, கொழும்பில் கடை வேலை செய்துகொண்டிருந்த மாமா மகன் ஊருக்கு வந்தபோது, ரெக்கார்டிங் பாரில் பதிவு பண்ணிய டி.டி.கே. 90 கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். "மாப்ள, இது வெள்ளக்காரப் பாட்டு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்குப் புடிக்கும்னு தோணுச்சு" என்றான். என்னை அவன் எப்படிக் கணித்தான் என்று இன்றுவரை வியக்கிறேன். ஒரு பக்கத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழுவான மாசிவ் அட்டாக் 1998இல் வெளியிட்ட 'மெஸனீன்'. 45 நிமிஷத்தில் நாடா முடிந்துவிட்டதால் கடைசிப் பாட்டுகள் அதில் இல்லை. அவற்றைக் கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது. மறு பக்கத்தில் 'நோ புரொடெக்ஷன்'.

முதல் பாட்டின் பெயர் 'ஏஞ்சல்'. தொடங்கியபோது கேசட் வெறுமையாக ஓடுகிறது என்றே நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அடியில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. தரைக்குக் கீழே யாரோ நிதானமாக நடப்பதைப் போன்ற பேஸ். அதன் மேல் ஜமேக்காவின் ஹோரஸ் ஆண்டியுடைய மெல்லிய, நடுங்கும் குரல். பிறகு கிதார்கள், பள்ளத்திலிருந்து பனி ஏறி முதலில் தேயிலையை, பிறகு சவுக்கு மரங்களை, கடைசியில் கோயில் கோபுரத்தை மூடுவதைப் போல ஏறி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடின. வெளியே ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு எங்கே முடிகிறது, ஸ்டோர் எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் பாதி விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் வரவில்லை. சந்தோஷமான பாட்டும் சோகமான பாட்டும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இருட்டை இருட்டாகவே வைத்து, அதற்குள் ஒருவனை உட்காரவைத்து, பயமில்லாமல் பார்க்கச் சொல்லும் பாட்டை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறு பக்கம் இன்னும் விசித்திரமானது. மாசிவ் அட்டாக் 1994இல் வெளியிட்ட 'புரொடெக்ஷன்' என்ற தொகுப்பை அடுத்த வருஷமே மேட் புரொஃபசர் என்ற ஒலிக்கலைஞர் பிரித்து மறுபடி கட்டினார். அதுதான் 'நோ புரொடெக்ஷன்'. பாடகரின் குரலைப் பெரும்பாலும் கழித்துவிட்டார். எங்கேயோ ஒரு சொல் தலைகாட்டும், எதிரொலியாக நாலைந்து தடவை உருண்டு கரைந்துபோகும். மிஞ்சுவது பேஸும் டிரம்ஸும் நடுவில் உள்ள பெரிய வெற்றிடமும்தான். இதற்கு டப் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் கிங் டப்பி என்ற ஒருவர் இதை ஒரு கலையாக வளர்த்தார் என்று பின்னாளில் படித்தேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பது அவருடைய தொழில். பதிவான பாட்டிலிருந்து குரலை இறக்கி, அடியை உயர்த்தி, எதிரொலி சேர்த்துத் திருவிழாப் பெட்டிகளைப் போன்ற பெரிய பெட்டிகளில் தெருவில் போட்டார். ரீமிக்ஸ் என்று இன்றைக்கு உலகம் சொல்வதற்கு வேர்களில் ஒன்று, ஒரு ரேடியோ ரிப்பேர்காரரின் மேசை.

எனக்கும் அப்படியொரு மேசை கிடைத்தது. கொட்டகலைக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்த அண்ணன் ஒருவரிடம் லீவு நாட்களில் போய் உட்காருவேன். ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். டி.டி.ஏ. 2030 ஐ.சி. போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் பழைய எட்டு அங்குல வூஃபர் ஒன்றையும் கொடுத்தார். பெட்டிக்குப் பலகை வாங்கக் காசில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் அரிசிப் பெட்டியாக இருந்தது: ஒட்டுப்பலகை, விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே பளபளக்கும் தாள். காகிதச் சாக்குகள் வந்த பிறகு அந்தப் பெட்டிகளுக்கு வேலை போய்விட்டது. அம்மாவிடம் கெஞ்சி அதை வாங்கி, வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே சாக்குத் துணியை அடைத்து வூஃபரைப் பொருத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் பெட்டியை வைத்து 'நோ புரொடெக்ஷன்' போட்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஸ்டோர் ஓடுதா?"

"இல்லப்பா, பாட்டு!"

கையால் பெட்டியைக் காட்டினேன். அவர் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். மெஷின் சூடாகிவிட்டதா என்று பார்க்கிறவர் வைப்பதுபோல. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"பாட்டுன்னா, பாடுற ஆள் எங்க?"

காதருகில் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "எடுத்துட்டாங்கப்பா. கொரலக் கழிச்சுட்டு அடிச்சத்தத்த மட்டும் வச்சிருக்காங்க."

அப்பா அதை யோசித்தார். பிறகு சொன்னார்:

"அப்ப இவுங்களுக்கும் என்னய மாதிரித்தான் கேக்குது."

அப்பாவுக்கு ஏற்பட்டிருப்பது என்ன என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. காது கேட்காதவர் மௌனத்தில் இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் இருந்தது இந்தப் பாட்டுக்குள். சொற்கள் கழிந்துபோய், எப்போதாவது ஒரு சொல் தலைகாட்டி மறைந்துபோய், அடிச்சத்தம் மட்டும் மிஞ்சிய உலகம். நான் தேடித் தேடி ரசித்ததில் அவர் வேறு வழியில்லாமல் குடியிருந்தார்.

2004இல் கொழும்பில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப்போனபோது இதற்குக் காகிதத்தில் சான்று கிடைத்தது. அவர் காட்டிய வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஓரளவு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தாக்கைப் போல விழுந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது இப்படித்தான் முதலில் பழுதாகும் என்றார். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மேல் அலைகள் முதலில் போகும், தாழ்ந்த அலைகள் கடைசிவரை நிற்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் கனம் பெரும்பாலும் கீழே இருக்கிறது. ச, த, க போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் அப்பாவுக்குச் சட்டி, தட்டி, கட்டி மூன்றும் ஒன்று. காதுக்கு அடைப்பான் ஏதாவது கொடுத்தார்களா என்று டாக்டர் கேட்டார். கேள்வி விளங்காமல் அப்பா மரியாதைக்குச் சிரித்தார். 'நோ புரொடெக்ஷன்' என்றால் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். அந்தப் பெயரை என் கையால் கேசட் உறையில் எழுதி ஐந்து வருஷமாக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதை வாசித்தேன்.

அதன் பிறகு இந்த இசையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எதற்காக இது எங்கள் ஸ்டோரைப் போலவும் எங்கள் மலையைப் போலவும் எனக்குக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதில், பிரிஸ்டலிலிருந்து என்னை வேறு தோட்டங்களுக்குக் கூட்டிப்போனது. மாசிவ் அட்டாக், கரீபியத் தீவுகளிலிருந்து பிரிஸ்டலுக்குக் குடிவந்தவர்களின் பேஸ் பெட்டிகளையும் தெருக் கொண்டாட்டங்களையும் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தத் தீவு மக்களின் முன்னோர் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். மேட் புரொஃபசர் பிறந்த கயானாவும் கரும்புத் தோட்ட நாடு. அடிமை முறை முடிந்த கையோடு 1838இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனார்கள். பிறகு மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அதே நூற்றாண்டில்தான் எங்கள் முன்னோரும் கோப்பித் தோட்டங்களுக்காகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்குள் வந்தார்கள். கயானாவில் மதராஸிகள் என்று அழைக்கப்படுகிறவர்கள் இன்றும் காளிக்கும் மாரிக்கும் பூசை செய்கிறார்கள், அதில் ஒரு தோல் மேளம் அடிக்கிறார்கள். அதன் பெயர் தப்பு. மொழி போய்விட்டது. சொற்கள் போய்விட்டன. அடியும் அதன் பெயரும் நிற்கின்றன.

தப்பு எங்கள் வீட்டுக்கு அந்நியமானதல்ல. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்களை எழுப்ப லயங்களில் தப்படித்த காலம் ஒன்று இருந்தது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் அந்த விடியல் தப்பின் அதிர்வு இருக்கிறது. என் தாத்தா அப்படி அடித்தவர்களில் ஒருவர். அதற்காக அவரைச் சிலர் ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார்கள் என்பதால் அப்பா தப்பைத் தொடவில்லை, மெஷினிடம் போனார். எனக்கு இது தெரியவந்தபோது நான் தாத்தாவுக்கு நெருக்கமானேன்.

படிப்பு முடிந்து நானும் கொழும்புக்குப் போனேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், மின்சாதனக் கடை ஒன்றில் வேலை. 2007இல் பெரிய வூஃபர் ஒன்றையும் வயர்களையும் வீட்டுக்கு எடுத்துப் போகும் வழியில், ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பொடியன், பையில் வயர். அது யுத்தம் நடந்த காலம். கடைசியில் ஒரு சிப்பாய் வூஃபரைக் கையில் எடுத்து, அதன் தாளை விரலால் மெல்லத் தட்டி, அந்த 'தும்' சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அந்த வருஷம் வெளிவந்த இரண்டு தொகுப்புகள் என்னோடு தங்கிவிட்டன. ஒன்று லண்டன் கலைஞர் பரியலின் 'அன்ட்ரூ'. இசைத்தட்டின் கீறல் சத்தம், மழை, அறுந்த குரல்கள், எல்லாவற்றுக்கும் அடியில் தொலைதூரப் பேஸ். அதைக் கேட்க எனக்கென்று ஓர் இடம் இருந்தது: கொழும்பிலிருந்து பதுளை போகும் இரவு மெயில். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரயில் உள்ளே நுழையும்போது ஒரு காதின் இயர்ஃபோனை மட்டும் கழற்றுவேன். ஒரு காதில் பரியல், மறு காதில் கல்லில் மோதித் திரும்பும் இரும்புச் சத்தம். வெளியே வந்தால் கொட்டகலை. வீடு வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும்.

மற்றது, மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யின் 'கலா'. முதல் தொகுப்புக்குத் தன் அப்பாவின் பெயரை வைத்தவர், இரண்டாவதுக்கு அம்மாவின் பெயரை வைத்தார். அதில் சென்னையில் பதிவுசெய்த உறுமி மேளம் அதிர்கிறது. நம் தோல் மேளத்தை மின்னிசைக்கு நடுவில், கூச்சமில்லாமல் முன்னால் நிறுத்த முடியும் என்று அவர்தான் எனக்குக் காட்டினார்.

யுத்தம் முடிந்த பிறகு கொழும்பில் மின்னிசைக்கு ஒரு சிறு வட்டம் விரிந்தது. அஸ்வஜித் பாயில் நடத்திய 'ஜம்புடெக்', 'பெட்டா இன்டர்சேஞ்ச்' என்ற விழா என்று பெயர்கள் காதில் விழத் தொடங்கின. 2013இல் ஒரு பழைய கட்டடத்தில் நடந்த நிகழ்ச்சிக்குத் தனியாகப் போனேன். காரை உதிர்ந்த சுவர்கள், சிவப்பு விளக்கு ஒன்று, மேசைக்குப் பின்னால் ஒரே ஆள். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்செலும்புக்கு வந்தது. வீட்டில் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், மழையை ஜன்னலில் பார்ப்பதற்கும் மலையில் நின்று நனைவதற்கும் உள்ளது. நடுச்சாமம் தாண்டி, பெரிய பெட்டிகளுக்கு அருகில் போய் ஒன்றின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தாழ்ந்த சுருதி நீண்டுகொண்டே இருந்தது. இந்த நாட்டின் மின்சாரம் நொடிக்கு அலைவதும் 50 தடவைதான். ஸ்டோரின் மோட்டார்களை ஓட்டுவதும் அதுதான். கண்ணை மூடினால் நான் எங்கள் இஸ்தோப்பில் இருந்தேன். இங்கே அப்பா வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கூட்டத்தில் அவருக்குக் குறை எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்த மாசியில் காமன் கூத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு போனேன். மன்மதனைச் சிவன் எரிப்பதும் ரதி புலம்புவதுமான கதையை ஒவ்வொரு தோட்டமும் வருஷா வருஷம் தன் கையால் மறுபடி கட்டுகிறது. கதை ஒன்று; அடியும் நடையும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. விடியவிடிய நடக்கும். தோல் குளிரில் தொய்ந்துபோவதால் தப்புக்காரர்கள் நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தார்கள். அப்பா வழக்கம்போல அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டு அவருக்கு விழவில்லை. ஆனால் அடி மாறியதும், "இப்ப எமன் வரப்போறான் பாரு" என்று திரும்பாமலே சொன்னார். எமன் வந்தான். நான் கையோடு கொண்டுபோயிருந்த சின்ன ரெக்கார்டரில் அந்த இரவைப் பதிவுசெய்தேன். மறுநாள் ஸ்டோருக்குப் போய், தெரிந்தவரிடம் கேட்டு, வாட்டு விசிறிகளையும் பதிவுசெய்தேன்.

அந்தப் பதிவுகளை வைத்துத்தான் அப்பாவுக்கு ஒரு ரீமிக்ஸ் செய்தேன். 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் சேர்ந்து பாடிய பாட்டொன்று அவருக்கு உயிர். பழைய மோனோ ஒலிப்பதிவு. குரலைத் தனியாக உரித்தெடுக்க அன்றைக்கு எனக்கு வழியில்லை. அதனால் கம்ப்யூட்டரில் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததை வெட்டினேன். பாட்டு சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதைப் போல ஆனது. அப்பாவுக்கு எது கேட்கிறதோ அதை மட்டும் வைத்தேன். பாட்டின் அடிநடையைக் கீபோர்டில் கண்டுபிடித்து, ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்துச் சேர்த்தேன். அதற்குக் கீழே தப்பு. எல்லாவற்றுக்கும் கீழே விசிறி. ஒன்றரை மாதம், கடை மூடிய பிறகு ஒவ்வொரு இரவும் அதில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

சித்திரைப் பெருநாளுக்கு வந்தபோது பெட்டியை இஸ்தோப்பில் வைத்தேன். அதே தேயிலைப் பெட்டி; வூஃபர்தான் புதிது. அப்பா பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். என்ன பாட்டு என்று நான் சொல்லவில்லை.

விசிறி தொடங்கியதும், "வாட்டுறாங்க" என்றார். தப்பு வந்ததும் தலையை ஆட்டினார். அடிநடை நுழைந்தபோது அவருடைய ஆட்காட்டி விரல் முழங்காலில் தட்டத் தொடங்கியது. இரண்டு சுற்று தட்டினார். மூன்றாவது சுற்றில், குரல் இருக்க வேண்டிய இடத்தில், வாய் திறந்து பாடினார். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. இடம் விலகவில்லை.

அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, கையைக் கழுவாமல் வாசலுக்கு வந்தார். அப்பா பல்லவியை முடித்து நிறுத்தினார். அடுத்தது சுசீலாவின் இடம். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் எண்ணிக்கொண்டு காத்திருந்தார். அம்மா நிலைப்படியில் சாய்ந்து, மாவுக்கையோடு, அந்த அடிகளைப் பாடினார். அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. பாடி முடித்த அம்மா மூச்சு வாங்கினார். அந்த மூச்சின் முடிவில், ஒரு அடிகூடப் பிசகாமல், அப்பா மறுபடி சேர்ந்துகொண்டார்.